கனம் பார்த்து வாங்கிய பெட்டி

அனந்தகிருஷ்ணன் கல்கத்தா நாணயச் சாலையின் எடைப் பிரிவில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவர். ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றைக் கையில் வைத்தால் போதும், குறைகிறதா கூடுகிறதா என்று தராசு சொல்வதற்கு முன்னால் அவர் சொல்லிவிடுவார். ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அவரைச் சோதித்துப் பார்த்து அசந்துபோவதும், அவர் ஒன்றும் நடக்காததுபோல் மூக்குப்பொடி டப்பாவைத் திறப்பதும் மாதத்துக்கு ஒருமுறை நடக்கிற கூத்து. அந்தப் பெருமை ஆபீஸோடு நின்றிருந்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்திருக்காது. மனுஷர் அதை வெளியே கொண்டுவந்துவிட்டார்.

டாலிகஞ்ச், லேக் கார்டன்ஸ், பெஹாலா என்று சிதறிக் கிடந்த தமிழ்க் குடும்பங்களில் யார் எதை வாங்கினாலும் அவரைக் கூட்டிக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டிருந்தது. வெள்ளிப் பாத்திரமா, குக்கரா, மிக்ஸியா, அவர் ஒருதரம் தூக்கிப் பார்க்க வேண்டும். "எடுத்துக்கோங்கோ" என்றால் எடுத்துக்கொள்வார்கள். உதட்டைப் பிதுக்கினால் கடையை விட்டு இறங்கிவிடுவார்கள். ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு நம்ம மனுஷன் ஒருத்தர் சொல்லிவிட்டால் போதும், வேறு யாரையும் கேட்க மாட்டார்கள்.

2003 ஜூன் மாதம் அப்படித்தான் இரண்டு கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்பினார். ஒன்று அவர் மகன் நரேனுக்கு. இன்னொன்று தாராவுக்கு.

தாரா, அவருடைய பழைய சகா வைத்தீஸ்வரனின் பெண். வைத்தீஸ்வரன் ஐந்து வருஷத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். லேக் கார்டன்ஸில் ஒரு சின்ன ஃப்ளாட்டில் தாராவும் அவள் அம்மா சுப்புலக்ஷ்மியும் மட்டும்தான். தாரா கட்டட வரைபடம் போடப் படித்தவள். ஒரு கம்பெனி அவளுக்கு வீட்டிலிருந்தே வரைந்து கொடுக்கும் வேலை தந்திருந்தது. நாள் முழுக்க ஓடினாலும் தாங்குகிற மெஷின் ஒன்று வேண்டும் என்பது மட்டுமே அவர்கள் வைத்த நிபந்தனை. "நீங்க பாத்து எடுத்துக் குடுத்தா சரி அண்ணா, நானும் இவளும் எதுக்கு அங்க வந்து முழிக்கணும்?" என்று சுப்புலக்ஷ்மி சொல்லிவிட்டாள்.

சாந்தினி சௌக்கில் முகமது இஸ்மாயிலின் கடை. காயல்பட்டினத்துக்காரர். அப்பா காலத்திலேயே கல்கத்தாவுக்கு வந்து ரேடியோ உதிரிபாகத்தில் ஆரம்பித்துக் கம்ப்யூட்டருக்கு மாறியவர். தமிழில் பேசலாம் என்பதற்காகவே அனந்தகிருஷ்ணன் அங்கே போவார். மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க், மானிட்டர் எல்லாம் இரண்டிரண்டாக எடுத்து வைத்தாயிற்று. கடைசியில் எஸ்.எம்.பி.எஸ். வந்தது. கம்ப்யூட்டர் கேபினெட்டின் பின்பக்கம் மேலே உட்காருகிற தகரப் பெட்டி அது. சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி, உள்ளே இருக்கிற ஒவ்வொன்றுக்கும் தாங்குகிற அளவுக்குக் குறைத்துக் கொடுப்பது அதன் வேலை.

"கேபினெட்டோட சும்மா குடுக்குற எஸ்.எம்.பி.எஸ். வேணாம் சார். எல்லாரும் பிராசஸர் என்ன, ரேம் எவ்வளவுன்னு கேப்பாங்க, இதை யாரும் கேக்க மாட்டாங்க. இது சரியில்லன்னா மத்தது எதுவும் மிஞ்சாது" என்று சொல்லி இஸ்மாயில் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்.

அனந்தகிருஷ்ணன் அதை உள்ளங்கையில் வாங்கினார். கண்ணை லேசாக மூடினார். உதடு பிதுங்கியது.

"என்ன இஸ்மாயில், காத்தாட்டம் இருக்கே?"

"எடையெல்லாம் இப்போ நம்ப முடியாது சார். முன்ன நாங்களும் தூக்கித்தான் பாப்போம். இப்போ அது சரிப்பட்டு வராது."

வியாபாரி வேறு எப்படிப் பேசுவான் என்று அனந்தகிருஷ்ணன் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கி, இரண்டு சந்து தள்ளி நடைபாதையில் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருந்த ஒருவனிடம் போனார். அவனிடம் மஞ்சள் லேபிள் ஒட்டிய பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒன்றைத் தூக்கியதும் அவர் முகம் மலர்ந்தது. செங்கல்லைத் தூக்கினதுபோல் கை இறங்கியது. உள்ளே தாமிரக் கம்பி நிறையச் சுற்றியிருக்கிறது, தகரம் தடிமன், சரக்கு நிஜம் என்று அவருடைய இருபத்தாறு வருஷமும் ஒரே குரலில் சொல்லியது. இருந்த பதினைந்து பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, எல்லாவற்றிலும் கனமான இரண்டைப் பொறுக்கி எடுத்தார். பதினைந்தில் இருப்பதிலேயே மோசமான இரண்டை இவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தவர் கல்கத்தாவிலேயே வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

இஸ்மாயில் அந்தப் பெட்டிகளைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "உங்க இஷ்டம் சார்" என்று மட்டும் சொன்னார். ஆளை அனுப்பி இரண்டு வீட்டிலும் மெஷினைப் பூட்டிக் கொடுத்தார்.

முதல் அறிகுறி பத்தாம் நாளே வந்தது. அனந்தகிருஷ்ணனின் மனைவி வசந்தி, கேபினெட்டை ஈரத் துணியால் துடைக்கப் போனவள் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினாள்.

"ஏன்னா, சுருக்குன்னு இழுக்கறது."

"பழைய வீடு, எர்த் சரியில்ல. ஃப்ரிட்ஜும்தான் அடிக்கறது" என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

அப்புறம் மெஷின் தானாக அணைந்து தானாக எழ ஆரம்பித்தது. நரேன் கேம் ஆடும்போது பின்னாலிருந்து ஒரு ரீங்காரம், வண்டு டப்பாவுக்குள் மாட்டிக்கொண்டதுபோல். ஜூலை மூன்றாம் வாரம் ஒரு வாசனை வேறு சேர்ந்துகொண்டது. கரிகிற ரப்பரா, மீனா என்று வசந்தியால் சொல்ல முடியவில்லை. கீழ் வீட்டுச் சமையலறை மேல் பழியைப் போட்டார் அனந்தகிருஷ்ணன். கீழ் வீட்டுக்காரர்கள் அந்த வாரம் பூராவும் பூரி ஜகந்நாதர் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அதை வசந்தி சொன்னபோது அவர் மூக்குப்பொடி டப்பாவைத் தேடினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வசந்தி கோயிலுக்கும் நரேன் சிநேகிதன் வீட்டுக்கும் போயிருந்தார்கள். அவர் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மெஷினிலிருந்து அந்த எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைக் கழற்றினார். யாராவது பார்க்க அதைத் திறக்க அவருக்கு மனசு வரவில்லை. உள்ளே என்ன இருக்கும் என்று பாதி தெரிந்துபோயிருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். ஸ்டிக்கரைக் கிழித்து நான்கு திருகாணியை எடுத்து மூடியைத் தூக்கினார்.

மூடியின் உள்பக்கம் ஒரு இரும்புத் தகடு ஒட்டியிருந்தது. கெட்டியான, துருவேறிய தகடு. கரண்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. தூக்கிப் பார்ப்பவனை ஏமாற்றுவது ஒன்றுக்காகவே அதை வைத்திருந்தார்கள். அதன் அடியில் பாதிக்கு மேல் காலியான சர்க்யூட் பலகை. உதிரிபாகம் நிற்க வேண்டிய இடங்களில் வெறும் ஓட்டைகள். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டுக் கம்பி. பக்கத்தில் இரண்டு சின்ன உருளைகள் தலை உப்பி, பழுப்பாகக் கசிந்துகொண்டிருந்தன. தகட்டின் பசை சூட்டில் இளகி, தகடு ஒரு மூலையில் பெயர்ந்திருந்தது, மூடியிருந்தபோது பலகையைத் தொட விரற்கடை தூரம்தான் இருந்திருக்கும்.

முதலில் தன் வீட்டை நினைத்தார். அடுத்த நிமிஷம் தாரா ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை அந்தத் தகட்டை ஆபீஸுக்குக் கொண்டுபோய், யாரும் இல்லாத சமயம் தராசில் வைத்தார். அறுநூற்றுப் பன்னிரண்டு கிராம். அறுநூற்றுப் பத்து என்று அவர் கை சொல்லியிருந்தது. இதில்கூட அவருக்கு ஒரு கணம் திருப்தி வந்தது என்பதைச் சொல்லாமல் விட எனக்கு இஷ்டமில்லை.

சாயங்காலம் சாந்தினிக்குப் போனார். நடைபாதையில் தார்ப்பாயைக் காணோம். அந்த இடத்தில் ஒருவன் குடை விற்றுக்கொண்டிருந்தான், அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. இஸ்மாயில் கேலி செய்வார் என்று எதிர்பார்த்துப் போனார். இஸ்மாயில் கேலி செய்யவில்லை.

"இன்னொண்ணு எங்க சார்? அந்தப் பொண்ணு வீட்டுல ஓடுதா இன்னும்?"

"சொல்லிடறேன்."

"சொல்லிடறேன் இல்ல சார், இங்கேருந்தே ஃபோன் பண்ணுங்க. சுவிட்சை அணைச்சு பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்க. இந்தச் சரக்கு நெருப்புப் பிடிக்கும் சார், நான் பாத்திருக்கேன்."

"நேர்ல போயிடறேன் இஸ்மாயில். ஃபோன்ல சொன்னா பயந்துடுவா."

இஸ்மாயில் டெலிபோனை அவர் பக்கம் நகர்த்தினார். அனந்தகிருஷ்ணன் இரண்டு புது எஸ்.எம்.பி.எஸ். பெட்டிகளையும் பையில் போட்டுக்கொண்டு டெலிபோனைப் பார்க்காமல் படியிறங்கினார்.

ஒன்றை அன்றைக்கே தன் வீட்டு மெஷினில் மாட்டச் செய்தார். இன்னொன்றை பீரோ மேல் வைத்தார். வசந்தி அதைப் பார்த்தாள்.

"சுப்பு ஆத்துக்கு சொல்லியாச்சோ?"

"சொல்லியாச்சு. பிளக்கைப் பிடுங்கி வெச்சுட்டா. சனிக்கிழமை போய் மாத்தறேன்."

இவ்வளவு சரளமாகப் பொய் வரும் என்று அவருக்கே தெரியாது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னால் முடிகிற காரியம். ஆனால் அந்த வார்த்தை "நான் ஏமாந்துட்டேன்" என்று ஆரம்பிக்க வேண்டியிருந்தது. வைத்தீஸ்வரன் பெண்டாட்டியிடம், தன்னைக் கேட்காமல் ஒரு கரண்டிகூட வாங்காதவளிடம், போய் அதைச் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை மனசு கேட்காமல் ஆபீஸிலிருந்து போன் செய்தார். தாராதான் எடுத்தாள்.

"மெஷின் எப்படிம்மா ஓடறது?"

"படு ஃபர்ஸ்ட் க்ளாஸ் மாமா! கார்த்தாலேருந்து ராத்திரி வரைக்கும் ஓட்டறேன். ஒரு ப்ராப்ளமும் இல்ல. கொஞ்சம் சூடாறது, அவ்வளவுதான்."

"சூடாறதா?"

"மழைல ஜன்னல் எல்லாம் மூடி வெச்சிருக்கோமே, அதான். அம்மாகிட்ட குடுக்கட்டா?"

"வேண்டாம். சும்மாதான் கேட்டேன்" என்று வைத்துவிட்டார். வைத்ததும் அவருக்கு நிம்மதியாக இருந்தது. ஒருவேளை அந்தப் பெட்டி நல்லதாக இருக்கும், ஒரே சரக்கில் நல்லதும் கெட்டதும் கலந்து வராதா என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். நாணயச் சாலையில் ஒரு நாணயம் எடை குறைந்தால் அந்தச் சரக்கு மொத்தத்தையுமே நிறுத்திவிடுகிற மனிதர் அவர்.

சனிக்கிழமை அவர் குடியிருந்த பெஹாலாவில் முழங்கால் தண்ணீர். பஸ் இல்லை, டிராம் இல்லை. மழையை அவர் திட்டவில்லை, ஜன்னலில் நின்று அது நிற்காமல் இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சங்கத்தின் கூட்டம். சங்கத்துக்கு இரண்டு கம்ப்யூட்டர் வாங்குவது என்று முடிவாகி, தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அனந்தகிருஷ்ணனிடம் விடலாம் என்று செயலாளர் சொன்னபோது கை தட்டினார்கள். மூன்றாவது வரிசையிலிருந்து சுப்புலக்ஷ்மி எழுந்து, "எங்காத்து மெஷினும் அண்ணா எடுத்துக் குடுத்ததுதான். மலையாட்டம் நிக்கறது" என்றாள். எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது அவளைத் தனியாகக் கூப்பிட்டார். வராந்தாவில் மழைச் சாரல். வசந்தி கூட்டத்துக்கு வரவில்லை, பொய் வெளிப்பட வழியில்லை. சொல்ல இதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

"சுப்பு, அந்த மெஷினை..."

"என்னண்ணா?"

"நாள் பூரா ஓட்ட வேண்டாம்னு சொல்லு அவகிட்ட. நடுவுல நடுவுல அணைச்சு வைக்கச் சொல்லு."

"அவ எங்கண்ணா கேக்கறா! இந்த மாசக் கடைசிக்குள்ள ஒரு பெரிய வேலைய முடிச்சுக் குடுக்கணுமாம். முடிச்சுட்டா நிரந்தரமா எடுத்துக்கறோம்னு சொல்லியிருக்கா. ராவும் பகலும் அதே தவம்" என்று சிரித்தாள். அவரும் சிரித்து வைத்தார். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டு நேரே போய்விடுவது, இனிமேல் தள்ளிப்போடுவதில்லை என்று பஸ்ஸில் சத்தியம் செய்துகொண்டார்.

செவ்வாய்க்கிழமை லீவு எழுதியும் கொடுத்துவிட்டார். மத்தியானம் ஒன்றரைக்குக் கிளம்புவதாக இருந்தார். புதுப் பெட்டி மேஜைக்கு அடியில் பையில் தயாராக இருந்தது. பதினொன்றே முக்காலுக்கு ஆபீஸ் டெலிபோன் அடித்தது. லேக் கார்டன்ஸில் தாரா வீட்டுக்குப் பக்கத்து ஃப்ளாட்காரர், பெங்காலி. நம்பரை சுப்புலக்ஷ்மி கொடுத்திருக்கிறாள். ஆபத்து என்றால் கூப்பிட அவளுக்கு அவரை விட்டால் வேறு ஆள் இல்லை.

நடந்தது இதுதான். மெஷினின் பின்பக்கத்திலிருந்து பட்டாசு வெடித்ததுபோல் ஒரு சத்தம். தாராவின் வரைபடச் சுருள்கள் எல்லாம் மேஜைக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்திருந்தவை. டிரேசிங் பேப்பர், பற்றிக்கொள்ளக் கேட்க வேண்டுமா? இரண்டு மாத உழைப்பு கண் முன்னால் எரிவதைப் பார்த்த பெண் ஓடவில்லை. இரண்டு கையாலும் சுருள்களை நெருப்பிலிருந்து இழுத்தாள். மெயின் சுவிட்சைப் பக்கத்து ஃப்ளாட்காரர் வந்து அணைப்பதற்குள் திரைச்சீலையும் கட்டிலின் ஒரு பக்கமும் போய்விட்டன.

மறுநாள் சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் அனந்தகிருஷ்ணன் நர்ஸிங் ஹோமுக்குப் போனார். வசந்தி வரவில்லை. பீரோ மேல் சனிக்கிழமைக்கு அப்புறமும் பெட்டி இருந்ததைப் பார்த்தே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. முந்தின நாளிலிருந்து அவள் அவரோடு பேசவில்லை. வழியில் அவர் அரை டஜன் சாத்துக்குடி வாங்கினார். வெறும் கையோடு போக முடியாது என்று வாங்கினார், அது எவ்வளவு அற்பம் என்று தெரிந்தும் வாங்கினார்.

தாராவின் இரண்டு கையிலும் முழங்கை வரை வெள்ளைக் கட்டு. வலது கையில் மூன்று விரல்களுக்குத் தோல் ஒட்ட வேண்டுமாம், மடக்க வருமா என்று ஆறு மாதம் கழித்துத்தான் சொல்ல முடியுமாம். சுப்புலக்ஷ்மி இதை எல்லாம் தணிந்த குரலில் சொல்லிவிட்டு, அவருக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"வோல்டேஜ்தான் அண்ணா. எங்க பில்டிங்ல கரண்ட் எப்பவும் ஏறி இறங்கும். நீங்க எடுத்துக் குடுத்ததா இருந்ததால இத்தோட போச்சு. வேற கண்டதை வாங்கியிருந்தா என்ன ஆயிருக்குமோ."

அவருக்குத் தலையைத் தூக்க முடியவில்லை. இப்படியே எழுந்து போய்விடலாம். வோல்டேஜ் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். எரிந்த பெட்டியை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்? இந்த எண்ணம் வந்தது, நிஜமாகவே வந்தது.

அப்போது தாரா கண்ணைத் திறந்தாள்.

"மாமா, உங்காத்துல இருக்கறதும் அதே தானே? ரெண்டும் ஒண்ணா வாங்கினது. நரேன்கிட்ட சொல்லி உடனே அணைச்சுடுங்கோ. ஒருவேளை அது வோல்டேஜா இல்லாட்டா? ப்ளீஸ் மாமா, இப்பவே போய் ஃபோன் பண்ணுங்கோ. வெளில பூத் இருக்கு."

நேற்றிலிருந்து வலியில் கிடக்கிற பெண்ணுக்குத் தோன்றியது இது. தெரிந்த அந்த நிமிஷமே சொல்லிவிட்டாள். அனந்தகிருஷ்ணனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"எங்காத்துல அது இல்லம்மா" என்றார். "அதைக் கழட்டியாச்சு. அதுக்குள்ள இரும்புத் தகடு வெச்சு எடைய ஏத்தியிருந்தான். நான் ஏமாந்துட்டேன். உங்காத்துல நெருப்புப் பிடிக்கறதுக்கு ஒன்பது நாள் முன்னாடியே எனக்குத் தெரியும்."

தாரா மேலே சுழல்கிற விசிறியைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று அவர் காத்திருந்தார்.

"அம்மா தெனம் மத்தியானம் அந்த மேஜையோரமாதான் மாமா படுத்துப்பா" என்றாள். "அங்கதான் விசிறிக் காத்து வரும். நேத்திக்கு இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா அங்கதான் தூங்கிண்டிருப்பா."

அவருக்கு அது தெரியாது. போனில் கேட்கவில்லை, கூட்டத்தில் கேட்கவில்லை.

சுப்புலக்ஷ்மி எழுந்தாள். மேஜையில் அவர் வைத்திருந்த சாத்துக்குடிப் பையை எடுத்தாள். அவர் கையைப் பிடித்து அதில் பையை மாட்டினாள்.

"நீங்க கெளம்புங்கோ" என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை.